ஆங்கில மரபுத்தொடர்: தெரிந்த சொற்களிடம் உஷார்!

ஆங்கிலத்தில் தெரியாத சொல் வந்தால் பயமில்லை. அங்கேயே நின்றுவிடுவோம், அகராதியைப் புரட்டுவோம், பக்கத்தில் இருப்பவரைக் கேட்போம். வம்பு வருவதெல்லாம் தெரிந்த சொல்லில்தான். கோ, ஆஃப், லெட், குட் என்று ஒன்றாம் வகுப்பில் படித்த சொற்கள் இரண்டு மூன்று கூட்டுச் சேர்ந்துகொண்டு வேறெதையோ சொல்லும்போது நமக்குச் சந்தேகமே வருவதில்லை. வெளிநாட்டு வாடிக்கையாளரோடு மின்னஞ்சலில் மல்லுக்கட்டுகிறவர்கள், பிள்ளைகளைப் பார்க்க லண்டனுக்கோ நியூ ஜெர்சிக்கோ போகிறவர்கள், சப்டைட்டில் இல்லாமல் ஆங்கிலத் தொடர் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் எல்லோருக்கும் உதவுகிற மாதிரி சில குறிப்புகள்.

1. பள்ளிக்கூடப் பட்டியலை முதலில் மூட்டை கட்டுங்கள். 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்று மனப்பாடம் செய்யாத தமிழ்ப் பிள்ளை இல்லை. ஜோனதன் ஸ்விஃப்ட் 1738-ல் வெளியிட்ட ஒரு நூலில் இந்தத் தொடர் வருகிறது. அந்த நூலே, மேல்தட்டு மக்கள் விருந்துகளில் திரும்பத் திரும்பச் சொல்லும் புளித்துப்போன பேச்சுகளைத் தொகுத்துக் கிண்டல் செய்வதற்காக எழுதப்பட்டது. அவர் காலத்திலேயே புளித்ததை நாம் இன்னும் கட்டுரை நோட்டில் எழுதி மதிப்பெண் வாங்குகிறோம். இங்கிலாந்தில் இன்று மழை கொட்டினால் 'பக்கெட்டிங் டவுன்' என்பார்கள். பழைய தொடர் தப்பில்லை, கேட்டால் புரியும். ஆனால் அன்றாடப் பேச்சில் நம்மைத் தடுக்கி விழவைப்பது இதுபோன்ற படம் காட்டும் தொடர்கள் அல்ல. அதனால் மனப்பாடத்தை இதில் தொடங்க வேண்டாம்.

2. வினைச்சொல்லைப் பார்ப்பதற்கு முன் எழுவாயைப் பாருங்கள். 'கோ ஆஃப்' என்பதையே எடுத்துக்கொள்வோம். 'தி பவர் வென்ட் ஆஃப்' என்றால் கரண்ட் போய்விட்டது. சரி, ஆஃப் என்றால் அணைவது என்று முடிவு கட்டிவிடுகிறோம். அடுத்த நாள் அலுவலகத்தில் ஓர் அஞ்சல்: 'தி ஃபயர் அலாரம் வென்ட் ஆஃப் அட் த்ரீ'. அணைந்துவிட்டது, பிரச்சினை தீர்ந்தது என்று நாம் காபி குடிக்கப் போகலாம். அவர்கள் சொல்வது அதற்கு நேரெதிர்: மூன்று மணிக்கு அபாய மணி அடித்தது. வெடிகுண்டு 'வென்ட் ஆஃப்' என்றால் வெடித்தது. பால் 'ஹேஸ் கான் ஆஃப்' என்று பிரிட்டிஷ்காரர் சொன்னால் பால் கெட்டுவிட்டது. அவரே 'ஐ ஹேவ் கான் ஆஃப் காஃபி' என்றால் காபி மேல் இருந்த பிரியம் விட்டுப்போயிற்று. ஆள் 'வென்ட் ஆஃப்' என்றால் கிளம்பிப் போனார், அவ்வளவுதான். வினை ஒன்றே. மின்சாரமா, மணியா, பாலா, ஆளா என்பதுதான் பொருளை முடிவு செய்கிறது. 'கோ ஆஃப்: ஐந்து பொருள்' என்று பட்டியல் போட்டால் ஒன்றுகூட நினைவில் நிற்காது. 'அலாரம் வென்ட் ஆஃப்' என்று ஜோடியாக எழுதிவையுங்கள், மறக்காது.

3. இந்தக் குட்டிச் சொற்கள் கொடுமை என்று அலுத்துக்கொள்கிறவர்கள் தமிழைக் கொஞ்சம் கவனிக்கலாம். 'ஒரே வாரத்தில் நாலு கதை எழுதித் தள்ளினார்' என்கிறோம். அங்கே யாரும் யாரையும் தள்ளவில்லை. 'சாப்பிட்டுத் தொலை' என்றால் எதுவும் தொலைவதில்லை, சொல்கிறவரின் எரிச்சல் தெரிகிறது. 'தீர்ந்துவிட்டது' என்பதில் யார் எதை விட்டார்கள்? தமிழ் கற்கும் வெள்ளைக்காரர் இந்த இடத்தில்தான் தலையைப் பிய்த்துக்கொள்வார். தமிழில் துணைவினை பார்க்கும் வேலையை ஆங்கிலத்தில் அப், டவுன், ஆஃப், அவுட் என்னும் சில்லறைச் சொற்கள் பார்க்கின்றன. 'ஈட்' என்றால் சாப்பிடு, 'ஈட் அப்' என்றால் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிடு. 'யூஸ்' என்றால் பயன்படுத்து, 'யூஸ் அப்' என்றால் தீர்த்துவிடு. இந்த இடங்களில் 'அப்' மேலே போகவில்லை. நம் 'விடு' மாதிரி காரியத்தை முடித்துவைக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனி விதி தேடாமல் இந்த உணர்வைப் பிடித்துக்கொண்டால், புதிதாக வரும் 'டிரிங்க் அப்', 'ஃபினிஷ் அப்' எல்லாம் கேட்ட மாத்திரத்தில் விளங்கிவிடும். எல்லா 'அப்'பும் இப்படி அடங்கிப் போகாது. 'கிவ் அப்', 'மேக் அப்' போன்றவற்றைத் தனித்தனியாகத்தான் படிக்க வேண்டும்.

4. காதை எங்கே வைப்பது? நாம் வினையை அழுத்திச் சொல்லிக் குட்டிச் சொல்லை விழுங்குவோம். ஆங்கிலேயர் இப்படிப்பட்ட கூட்டுவினைகளில் பெரும்பாலும் அந்தக் குட்டிச் சொல்லைத்தான் அழுத்துவார்கள். 'டர்ன்ட் டவுன்' என்பதில் அழுத்தம் 'டவுன்' மேல் விழும். கேட்கும்போது வாக்கியத்தின் வால் பக்கம் கவனம் இருக்கட்டும்.

5. 'முடியாது' என்று காதில் விழுந்தாலே மறுப்பு என்று எண்ண வேண்டாம். கூட்டத்தில் நீங்கள் ஒரு யோசனை சொல்கிறீர்கள். எதிரே இருப்பவர் 'ஐ குடின்ட் அக்ரீ மோர்' என்கிறார். 'குடின்ட் அக்ரீ' வரைக்கும் கேட்டதும் முகம் வாடிவிடும். அவர் சொல்வது: இதைவிட அதிகமாக ஒத்துப்போக முடியாது, அதாவது நூற்றுக்கு நூறு சம்மதம். 'குடின்ட் பி பெட்டர்' என்றால் பிரமாதமாக இருக்கிறேன். 'கான்ட் வெயிட் டு சீ யூ' என்பது காத்திருக்க மறுப்பது அல்ல. எப்போது பார்ப்போம் என்று துடிக்கிறேன் என்பது. நாமும் 'அவர் செய்த உதவி சொல்லி மாளாது' என்கிறோமே, அந்த ரகம். இதில் ஒரு கூத்தும் உண்டு. 'ஐ குடின்ட் கேர் லெஸ்' என்றால் எனக்குத் துளியும் அக்கறை இல்லை. அமெரிக்காவில் பலர் 'ஐ குட் கேர் லெஸ்' என்று 'இல்லை'யை விழுங்கிவிட்டுச் சொல்வார்கள். அதற்கும் அதே பொருள்தான். தர்க்கம் பார்த்தால் தலைவலி மிஞ்சும்.

6. 'வுட் யூ மைண்ட்' என்று யாராவது ஆரம்பித்தால் பதிலில் கவனம் தேவை. ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் 'வுட் யூ மைண்ட் இஃப் ஐ ஓப்பன்ட் தி விண்டோ?' என்கிறார். திறக்கட்டுமே என்று பெருந்தன்மையாக 'யெஸ்' என்றால், 'ஆமாம், எனக்கு ஆட்சேபம் உண்டு' என்று ஆகிவிடும். சரியான பதில் 'நோ, நாட் அட் ஆல்'. யெஸ்ஸா நோவா என்று நடுவழியில் குழம்பினால் 'ப்ளீஸ், கோ அஹெட்' என்று சொல்லித் தப்பித்துவிடுங்கள்.

7. சொல்லுக்குச் சொல் தேடாதீர்கள். அதே சந்தர்ப்பத்தில் தமிழில் என்ன சொல்வோம் என்று யோசியுங்கள். 'இன்றைக்கு டிராஃபிக் கொடுமை' என்று நீங்கள் அலுத்துக்கொள்ள, சக ஊழியர் 'டெல் மீ அபவுட் இட்' என்கிறார். விவரம் கேட்கிறார் என்று எண்ணி, எந்தச் சிக்னலில் எத்தனை நிமிடம் என்று விளக்க ஆரம்பித்தால் அவர் நெளிவார். அவர் சொன்னது 'அதை ஏன் கேக்கறீங்க!' என்பது. நம் தொடரும் கேள்விதான், ஆனால் யாரும் பதில் சொல்வதில்லை. 'யூ கேன் சே தட் அகெய்ன்' என்றால் மறுபடி சொல்லச் சொல்லவில்லை. 'நல்லாச் சொன்னீங்க' என்கிறார். 'சூட் யுவர்செல்ஃப்' என்றால் 'உங்க இஷ்டம்'. குரலைப் பொறுத்து அதில் கொஞ்சம் கோபமும் இருக்கும், நம் 'உங்க இஷ்டம்' போலவே. 'ஃபேர் இனஃப்' என்றால் 'சரி, நீங்க சொல்றதும் நியாயம்தான்'. 'நெவர் மைண்ட்' என்றால் 'பரவாயில்லை, விடுங்க'. பக்கத்தில் தமிழை எழுதும்போது அகராதித் தமிழில் எழுத வேண்டாம். வீட்டில் பேசுகிற தமிழில் எழுதினால்தான் பொருளோடு தொனியும் ஒட்டிக்கொள்ளும்.

8. வாசல் பேச்சும் கடைப் பேச்சும் கேள்வி மாதிரி இருக்கும், கேள்வி அல்ல. மகன் வீட்டுக்கு முதன்முறையாக இங்கிலாந்து போன ஓர் அம்மாள், மருமகளோடு ஒரு கடைக்குள் நுழைகிறார். கல்லாவில் இருந்த பையன் அவரைப் பார்த்து 'யூ ஆல்ரைட் தேர்?' என்கிறான்.

"ஏம்மா, என் முகம் அவ்வளவு வாடியா இருக்கு? உடம்பு சரியில்லையான்னு கேக்கறானே."

"இல்லத்தை, என்ன வேணும்னு கேக்கறான். 'ஐ'ம் ஜஸ்ட் லுக்கிங், தேங்க்ஸ்'னு சொல்லிட்டு வாங்க."

இங்கிலாந்தில் தெருவில் எதிர்ப்படுகிறவர் 'ஆல்ரைட்?' என்றால் அது வெறும் வணக்கம்; திருப்பி 'ஆல்ரைட்' என்றால் போதும். முழங்கால் வலி முதல் சர்க்கரை அளவு வரை ஒப்பிக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் 'ஹவ் ஆர் யூ?', 'வாட்ஸ் அப்?' என்பவையும் அப்படியே. இன்னொன்று: 'மோர் காஃபி?' என்று கேட்டதற்கு ஒருவர் 'ஐ'ம் குட்' என்றால், தன் நற்குணத்தைச் சொல்லவில்லை. 'போதும்' என்கிறார். ஊற்றிவிடாதீர்கள். முன்பின் தெரியாத கடைக்காரர் 'சீ யூ லேட்டர்' என்றால் சாயங்காலம் வீட்டுக்கு வருவார் என்றும் பலகாரம் செய்ய வேண்டாம்.

9. தமிழிலும் அதே படம் இருக்கிறதா என்று பாருங்கள்; இருந்தால் இரட்டிப்புக் கவனம். சில ஜோடிகள் அச்சாகப் பொருந்தும். 'க்ரோக்கடைல் டியர்ஸ்' நம் முதலைக் கண்ணீர்தான். 'வாஷ் யுவர் ஹேண்ட்ஸ் ஆஃப் இட்' நம் கைகழுவுதல். 'ப்ளோயிங் யுவர் ஓன் டிரம்பெட்' நம் சுயதம்பட்டம். அவர்கள் ஊதுகிறார்கள், நாம் அடிக்கிறோம். பதற்றத்தில் அவர்கள் வயிற்றில் பட்டாம்பூச்சி பறக்கிறது, நமக்குப் புளியைக் கரைக்கிறது. ஆனால் நமக்குக் கொஞ்சம் பயம் தூக்கல்.

சிக்கல் இனிமேல்தான். 'ஹி இஸ் புல்லிங் யுவர் லெக்' என்று கேட்டதும் நமக்குக் 'காலை வாருகிறான்' என்று ஓடும். தமிழில் காலை வாருவது துரோகம்; நம்ப வைத்துக் கவிழ்ப்பது. ஆங்கிலத்தில் அது சும்மா கேலி, இல்லாததை இருப்பதாகச் சொல்லிச் சீண்டுவது. ஒரு விளையாட்டுப் பேச்சைத் துரோகமாக எடுத்துக்கொண்டால் நட்பே போய்விடும். இதைப் போல இன்னொன்று 'புட் யுவர் ஃபுட் டவுன்'. நம் 'காலூன்றுவது' ஓர் இடத்தில் நிலைபெறுவது. அவர்களுடையது 'இதற்குமேல் முடியாது' என்று கறாராகச் சொல்வது. 'புட் யுவர் ஃபுட் இன் இட்' என்றாலோ சொல்லக் கூடாத இடத்தில் சொல்லக் கூடாததை உளறிவைப்பது. கால் ஒன்றுதான், எங்கே வைக்கிறோம் என்பதில் எத்தனை வித்தியாசம்! திருட்டுக் கைக்கு நாம் நீளம் பார்க்கிறோம், அவர்கள் கனம் பார்க்கிறார்கள். 'லைட் ஃபிங்கர்ட்' என்றால் கைசுத்தம் இல்லாதவர்.

10. 'லெட் யூ கோ' என்று வந்தால் யார் பேசுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். போனில் தோழி 'ஐ'ல் லெட் யூ கோ' என்றால், 'உனக்கு வேலை இருக்கும், வைத்துவிடட்டுமா' என்று நாசூக்காகப் பேச்சை முடிக்கிறார். 'பரவாயில்லை, எனக்கு வேலை ஒன்றும் இல்லை' என்று தொடர்ந்து பேசினால் அவர் பாடு திண்டாட்டம். அதையே மேலதிகாரி 'வீ ஹேவ் டு லெட் யூ கோ' என்றால் வேலை போய்விட்டது. சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று மகிழ்ந்துவிடக் கூடாது. கசப்பானதை ஆங்கிலம் இப்படி வெல்லம் தடவித்தான் தரும். 'பிட்வீன் ஜாப்ஸ்' என்றால் இப்போதைக்கு வேலை இல்லை. 'அண்டர் தி வெதர்' என்றால் உடம்புக்கு முடியவில்லை.

11. பேசுகிறவர் எந்த ஊர்க்காரர் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். 'லெட்ஸ் டேபிள் திஸ்' என்று பிரிட்டிஷ்காரர் சொன்னால் இப்போதே எடுத்துப் பேசுவோம் என்று பொருள். அமெரிக்கர் சொன்னால் பிறகு பார்ப்போம், தள்ளிவையுங்கள் என்று பொருள். நம் நாடாளுமன்றத்தில் அறிக்கை 'டேபிள்' செய்யப்பட்டது என்று செய்தியில் வருவது பிரிட்டிஷ் வழக்கு. இரண்டாம் உலகப் போரின்போது இந்த ஒரு சொல்லால் இரு நாட்டு அதிகாரிகளும் நெடுநேரம் சண்டை போட்டதையும், பிறகுதான் இரு தரப்பும் ஒன்றையே கேட்டது தெரிந்ததையும் சர்ச்சில் தம் போர் நினைவுநூலில் எழுதியிருக்கிறார். ஒரே மொழி பேசுகிறவர்களுக்கே இந்தக் கதி என்றால் நமக்குக் கூச்சம் எதற்கு?

நேரத்திலும் இந்த வில்லங்கம் உண்டு. லண்டனில் 'ஹாஃப் செவன்' என்றால் ஏழரை மணி, ஆறரை அல்ல.

12. பிரிட்டிஷ்காரர் 'கொஞ்சம்' என்றால் அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடக்கிச் சொல்வது அவர்கள் வழக்கம். 'நாட் பேட்' என்பது பல சமயம் நல்ல பாராட்டு. 'குவைட் குட்' என்று அமெரிக்கர் சொன்னால் ரொம்ப நன்றாக இருக்கிறது. பிரிட்டிஷ்காரர் சொன்னால் பெரும்பாலும் சுமார். 'வித் ரெஸ்பெக்ட்' என்று மரியாதையோடு ஆரம்பித்தால், நீங்கள் சொன்னது தப்பு என்று சொல்லப்போகிறார். 'ஐ ஹியர் வாட் யூ சே' என்றால் கேட்டுக்கொண்டேன், ஒப்புக்கொள்ளவில்லை.

இது வெறும் நாசூக்கு விவகாரம் அல்ல. 1951 ஏப்ரலில், கொரியப் போரில், இம்ஜின் ஆற்றங்கரையில் ஒரு பிரிட்டிஷ் படையணியைச் சீனப் படை சூழ்ந்துகொண்டிருந்தது. அதன் தலைவர் பிரிகேடியர் டாம் பிரோடி, மேலே இருந்த அமெரிக்கத் தளபதியிடம் நிலவரம் 'எ பிட் ஸ்டிக்கி' என்றார். ஆங்கிலேயர் காதுக்கு அது 'வெள்ளம் தலைக்கு மேல் போகிறது'. அமெரிக்கர் காதுக்கு 'கொஞ்சம் சிரமம், சமாளித்துவிடுவார்கள்'. அந்தப் படையணியைச் சேர்ந்த க்ளோஸ்டர்ஷயர் படைப்பிரிவு இருந்த இடத்திலேயே நிற்க வேண்டியதாயிற்று. கடைசியில் அதில் 500-க்கும் மேற்பட்டவர்கள் சிறைப்பட்டார்கள். ஒரு சொல்லின் மேல் முழுப் பழியையும் போட்டுவிட முடியாது. போரில் ஆயிரம் காரணங்கள் இருக்கும். ஆனாலும் அடுத்த முறை பிரிட்டிஷ் வாடிக்கையாளர் 'எ பிட் கன்சர்ன்ட்' என்று எழுதினால், 'கொஞ்சம் கவலை' என்று மொழிபெயர்த்து ஓரமாக வைக்காமல் அன்றைக்கே போன் போடுங்கள்.

13. நமக்குக் கிரிக்கெட் தெரியும். பிரிட்டிஷ் அலுவலக ஆங்கிலத்தில் பாதிக் கிணறு தாண்ட இது போதும். 'ஸ்டிக்கி விக்கெட்' என்றால் இக்கட்டான நிலை. ஆடுகளத்தை மூடிவைக்காத காலத்தில், மழையில் நனைந்து வெயிலில் காயும் பிட்சில் பந்து எப்படித் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. 'ஆன் தி பேக் ஃபுட்' என்றால் தற்காப்பில் இருப்பது. 'பை க்ளோஸ் ஆஃப் ப்ளே' என்று அஞ்சலில் வந்தால் இன்று அலுவலக நேரம் முடிவதற்குள் வேலை வேண்டும். வயதானவர் காலமானால் 'ஹி ஹேட் எ குட் இன்னிங்ஸ்' என்பார்கள், நம் ஊரில் கல்யாணச் சாவு என்பதுபோல. துக்க வீட்டில் அதை முதலில் சொல்கிறவர் நாமாக இருக்க வேண்டாம்.

அமெரிக்கர்களோடு வேலை என்றால் கொஞ்சம் பேஸ்பாலும் தேவை. 'பால்பார்க் ஃபிகர்' கேட்டால் உத்தேசத் தொகை போதும். பைசா சுத்தமாகக் கணக்குப் போட்டு ஒரு நாளை வீணாக்க வேண்டாம். 'டச் பேஸ்' என்றால் சின்னதாக ஒரு பேச்சு. 'கர்வ்பால்' என்றால் எதிர்பாராத சிக்கல். பிரிட்டிஷ்காரர் இதே இடத்தில் 'கூக்ளி' என்பார். 'கேன் ஐ டேக் எ ரெயின் செக்?' என்றால் இன்று வேண்டாம், இன்னொரு நாள் பார்ப்போம். மழையால் ஆட்டம் நின்றுபோனால் வேறொரு நாள் வந்து பார்க்க ரசிகர்களுக்குத் தந்த சீட்டுதான் ரெயின் செக்.

14. கூட்டத்தை 'மூவ் ஃபார்வேர்டு' செய்தோம் என்று அஞ்சல் வந்தால் தேதியைக் கேட்டு வாங்குங்கள். புதன்கிழமைக் கூட்டத்தை இரண்டு நாள் 'ஃபார்வேர்டு' நகர்த்தினால் அது திங்களா வெள்ளியா என்பதில் ஆங்கிலேயர்களே இரண்டுபட்டு நிற்பார்கள். 'பிரிங் ஃபார்வேர்டு' என்றால் முன்கூட்டியே வைப்பது, 'புஷ் பேக்' என்றால் தள்ளிவைப்பது. இவற்றில் குழப்பம் குறைவு.

15. பிறந்த கதைகளை நம்பி ஏமாறாதீர்கள். 1999 வாக்கில் ஒரு மின்னஞ்சல் உலகத்தையே சுற்றி வந்தது: 1500-களில் கூரைமேல் படுத்திருந்த நாயும் பூனையும் மழையில் வழுக்கி விழுந்ததாம், அதனால் 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' வந்ததாம். உயிரோடு புதைக்கப்பட்டவர்கள் அடிக்கச் சவக்குழியில் மணி கட்டினார்களாம், அதிலிருந்து 'சேவ்ட் பை தி பெல்' வந்ததாம். எல்லாம் கட்டுக்கதை. மணி குத்துச்சண்டை மேடையில் அடிப்பது. அடி வாங்கிச் சாயப்போகிறவரைச் சுற்று முடியும் மணி காப்பாற்றுகிறது. நம்பகமான கதை கிடைத்தால் நினைவில் வைக்க உதவும், மறுக்கவில்லை. பாய்மரக் கப்பல்காரர்களிடமிருந்து வந்த 'நோ தி ரோப்ஸ்', 'டேக்கன் அபேக்' அந்த வகை. ஆனால் கதை எவ்வளவுக்கெவ்வளவு ருசியாக இருக்கிறதோ அவ்வளவுக்கவ்வளவு சந்தேகப்படுங்கள்.

16. பெரிய அகராதி வேண்டாம், கற்பவர் அகராதி வாங்குங்கள். ஆங்கிலேயருக்காக எழுதிய அகராதி, அவர்களுக்குத் தெரிந்ததை விட்டுவிடும். ஏ. எஸ். ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர். தம் மாணவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்துச் சகாக்களோடு சேர்ந்து தொகுத்த அகராதி 1942-ல் ஜப்பானில் அச்சானது. 1948-ல் ஆக்ஸ்போர்டு அதை மறுபடி வெளியிட்டது. இன்று 'ஆக்ஸ்போர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்ஷனரி' என்று கடையில் கிடைப்பது அதன் வாரிசு. அதில் தொடரை எங்கே தேடுவது? முதலில் வரும் கனமான சொல்லில். 'தி பால் இஸ் இன் யுவர் கோர்ட்' வேண்டுமென்றால் 'பால்' என்ற சொல்லுக்குப் போய், பதிவின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். பொருளைப் படித்ததும் மூடிவிடாமல் பக்கத்தில் இருக்கும் சின்ன எழுத்தையும் பாருங்கள்: பேச்சு வழக்கா, பழைய வழக்கா, பிரிட்டிஷா, அமெரிக்கனா என்று போட்டிருக்கும். என்னைக் கேட்டால் பொருளைவிட அந்தக் குறிப்புக்குத்தான் விலை.

17. செல்போனில் மொழிபெயர்த்துப் பார்க்கிறவர்கள் தொடரை மட்டும் தட்டாமல் முழு வாக்கியத்தையும் முன்பின் வரிகளோடு கொடுங்கள். 'கோ ஆஃப்' என்று மட்டும் கொடுத்தால் அதுவும் நம்மைப் போலவே தடுமாறும்.

18. காதுக்குப் பயிற்சி வேண்டுமென்றால் பிபிசி லேர்னிங் இங்கிலீஷில் 'தி இங்கிலீஷ் வீ ஸ்பீக்' என்ற நிகழ்ச்சி இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு தடவைக்கு ஒரு தொடர், சில நிமிடம். குக்கர் நாலு விசில் விடுவதற்குள் கேட்டுவிடலாம். தொடர்கள் பார்க்கும்போது சப்டைட்டிலைத் தமிழில் வைக்காமல் ஆங்கிலத்திலேயே வையுங்கள். சொல்லும் சூழலும் ஒன்றாகக் கண்ணில் படும்.

19. நூறு தொடர் புரிந்தால் போதும். வாயில் பத்து வந்தால் போதும். நாமாகச் சொல்லும்போது ஓர் எழுத்தைக்கூட மாற்றக் கூடாது. 'ஸ்பில் தி பீன்ஸ்' என்றால் ரகசியத்தை உளறுவது. ஒரே ரகசியம்தானே என்று 'பீன்' ஆக்கினால் சிரிப்பார்கள். இடமும் முக்கியம். 'கிக் தி பக்கெட்' என்பது 'மண்டையைப் போட்டார்' என்பதற்குச் சமம். வாடிக்கையாளரின் தந்தை இறந்ததற்கு எழுதும் அனுதாபக் கடிதத்தில் அதை எழுதினால் கணக்கே முடிந்துவிடும். அங்கே 'பாஸ்டு அவே' என்று எளிமையாக எழுதுவதுதான் மரியாதை.

20. கடைசியாக, மற்றவர்களுக்குப் புரியாத நம் ஊர்த் தொடர்கள். இவை தப்பு என்று நான் சொல்லமாட்டேன். இந்தியாவுக்குள் தாராளமாக ஓடும் காசு. வெளியே செல்லாது, அவ்வளவுதான். 'ஐ பாஸ்டு அவுட் இன் 2015' என்று அமெரிக்க நேர்காணலில் சொன்னால், 2015-ல் மயங்கி விழுந்தீர்கள் என்று எடுத்துக்கொள்வார்கள். 'கிராஜுவேட்டட்' என்று சொல்லுங்கள். 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' என்றால் எந்த ரயில் நிலையம் என்று விழிப்பார்கள். 'அவுட் ஆஃப் டவுன்' போதும். 'டூ தி நீட்ஃபுல்' ஒரு காலத்தில் பிரிட்டிஷ்காரர்களே எழுதியதுதான், இப்போது அங்கே வழக்கொழிந்துவிட்டது. அதற்குப் பதிலாக, கையெழுத்தா, பணமா, பதிலா, எது வேண்டுமோ அதைச் சொல்லிவிடுங்கள். 'ஹிஸ் ஃபாதர் எக்ஸ்பயர்ட்' என்று எழுதாதீர்கள். அங்கே காலாவதி ஆவது பாஸ்போர்ட்டும் மருந்தும்தான். 'ஐ ஹேவ் எ டவுட்' என்று வகுப்பில் கை தூக்கினால், நீங்கள் சொன்னதில் எனக்கு நம்பிக்கை இல்லை என்பதுபோல ஆசிரியருக்குக் கேட்கும். 'ஐ ஹேவ் எ கொஸ்சன்' என்று கேளுங்கள். சந்தோஷமாகப் பதில் சொல்வார்.